குடியை விட விரும்புவோருக்கு வழிகாட்டுவது யார்?

புது தில்லி: நாடாளுமன்றத்தில் மது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அவை இரு தரப்பாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு தரப்பு அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி மதுவிலக்கு கோருகிறது. மறுதரப்பு மாநிலங்களின் வருவாய் இழப்பையும் கள்ளச்சாராயத்தின் ஆபத்தையும் எடுத்துரைக்கிறது. 2022 டிசம்பரில் பிகாரின் சரண் மாவட்டத்திலும், 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியிலும் நேர்ந்தவை போன்ற சாவுகளின்போது இந்த விவாதம் சூடுபிடிக்கிறது. சில நாள்களில் ஓய்ந்தும் விடுகிறது.

இந்த இரு தரப்புக்கும் நடுவே ஒருவர் நிற்கிறார். நேற்றுவரை குடித்தவர் அவர். இன்று விட்டுவிட நினைக்கிறார். அவர் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் மாலை எங்கே உட்கார வேண்டும் என்ற கேள்விகளுக்கு அவையில் அதிக நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

இந்த விடுபடல் குடியரசு பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. 1948 நவம்பர் 24-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்கு பற்றிய திருத்தம் விவாதிக்கப்பட்டது. மகாவீர் தியாகி போன்றோர் அதற்காக வாதிட்டனர். கோலாப்பூரைச் சேர்ந்த பி.எச். கர்டேகர் தனிமனித உரிமையின் பெயரால் எதிர்த்தார். ஆதிவாசி மக்களின் தலைவரான ஜெய்பால் சிங், அரிசிக் கள் தம் மக்களின் வழிபாட்டோடும் வயல் வேலையோடும் பிணைந்தது என்று எடுத்துரைத்தார். விவாதத்தின் முடிவில், மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்ற நெறி அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. குடிக்கு அடிமையானவரை மீட்பது பற்றித் தனியாக ஒரு சொல்கூட அதில் இல்லை. அக்காலத்தில் அது ஒழுக்கம் சார்ந்த கேள்வியாகவே பார்க்கப்பட்டது. மருத்துவம் சார்ந்த கேள்வியாக மாற இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

38-ல் ஒருவர்

தேசிய அளவில் இப்பிரச்னையின் பரிமாணத்தை அளந்த பெரிய ஆய்வு ஒன்று உள்ளது. மத்திய சமூக நீதி, அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் (எய்ம்ஸ்) தேசிய போதை சிகிச்சை மையம் அதை நடத்தியது. 2019 பிப்ரவரியில் வெளியான அந்த அறிக்கையின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 14.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். இவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் விளைந்த பாதிப்புக்காகவோ, அடிமைத்தனத்துக்காகவோ உதவி தேவைப்படுகிறது. முழுமையாக அடிமைப்பட்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர்.

இந்த எண்களைவிட அதிர்ச்சி தருவது அதே அறிக்கையின் இன்னொரு பக்கம். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்ததாகக் கூறியுள்ளார். உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவரோ 180 பேருக்கு ஒருவர். சர்க்கரை நோயிலோ காசநோயிலோ இத்தகைய இடைவெளி இருந்தால் அது நாட்டின் அவமானமாகக் கருதப்பட்டிருக்கும். குடியில் மட்டும் அது நோயாளியின் குற்றமாகவே எண்ணப்படுகிறது.

மத்திய அரசு எதுவுமே செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. சுகாதார அமைச்சகத்தின் போதை மீட்புத் திட்டம் 1988 முதல் உள்ளது. சமூக நீதி அமைச்சகத்தின் உதவியுடன் தன்னார்வ அமைப்புகள் நடத்தும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் இயங்குகின்றன. 2020 ஆகஸ்ட் 15-ஆம் தேதி 272 மாவட்டங்களில் போதையில்லா இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டு, பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் மாவட்டங்களின் எண்ணிக்கையே 780-ஐத் தாண்டும் நாட்டில், மையங்களின் எண்ணிக்கை மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கைக்கூட எட்டவில்லை.

மறுநாள் மாலை

படுக்கைகளின் எண்ணிக்கையை உயர்த்தினால் மட்டும் இடைவெளி அடைபட்டுவிடுமா என்பது அடுத்த கேள்வி. குடிநோய்க்கான சிகிச்சையின் முதற்கட்டம் உடலிலிருந்து மதுவை வெளியேற்றுவது. இதற்குச் சில நாள்கள் முதல் ஓரிரு வாரங்கள் வரை ஆகும். நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததைக் காணுதல் ஆகியவை ஏற்படலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே இக்கட்டத்தை மருத்துவரின் கண்காணிப்பில்தான் கடக்க வேண்டும். மன உறுதியை மட்டும் நம்பி வீட்டில் முயன்று பார்ப்பது சரியன்று.

ஆனால் உடல் தெளிந்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. மறுவாழ்வு மையத்தின் வாயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதே கடை இருக்கிறது. அதே நண்பர்கள், அதே கடன், அதே சண்டை, அதே மாலை நேரம். எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டனர் என்ற கணக்கு அமைச்சகங்களின் பதில்களில் வழக்கமாக இடம்பெறும். எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் குடிக்காமல் இருக்கிறார்கள் என்ற கணக்கைக் காண்பது அரிது. மீண்டும் குடித்துவிட்டவர் வெட்கத்தால் மருத்துவமனைப் பக்கமே திரும்புவதில்லை. குடும்பமும் பணம் வீணானதாக எண்ணிக் கைவிட்டுவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பும் பணியை, அரசின் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறாத சிறு சிறு கூட்டங்கள் செய்துவருகின்றன. குடியை விட்டவர்கள், விட நினைப்பவர்களுடன் வாரந்தோறும் கூடிப் பேசும் கூட்டங்கள் இவை. கட்டணம் கிடையாது. பெயர்ப் பதிவேடு கிடையாது. மருத்துவச் சான்று கேட்பதில்லை.

ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது

இவற்றுள் மிகப் பரவலானது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1935-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள அக்ரான் நகருக்கு, நியூயார்க் பங்குச் சந்தையுடன் தொடர்புடைய பில் வில்சன் தொழில் நிமித்தமாகச் சென்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், போன காரியமும் தோல்வியில் முடிந்தது. தங்கியிருந்த ஓட்டலின் மதுக்கூடம் அவரை அழைத்தது. அவரோ ஓட்டல் கூடத்தில் இருந்த தொலைபேசியை நாடினார். தேவாலயங்களை ஒவ்வொன்றாக அழைத்து, தம்மைப்போல் குடியால் அவதிப்படும் ஒருவரைச் சந்திக்க முடியுமா என்று கேட்டார். அதன் பயனாக அவ்வூர் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10, அமைப்பின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது.

ஒருவர் மற்றொருவரைக் காப்பாற்றப் போய்த் தம்மையே காப்பாற்றிக்கொண்டார் என்பதுதான் இந்நிகழ்ச்சியின் சாரம். மருத்துவரும் உறவினரும் சொல்லிக் கேளாதவர், தம்மைப் போலவே விழுந்து எழுந்தவர் சொன்னால் காது கொடுக்கிறார். சொல்பவருக்கும் அன்றைய தினம் குடிக்காமலிருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. இன்று சுமார் 180 நாடுகளில் ஏ.ஏ. குழுக்கள் கூடுகின்றன. 1939-இல் வெளிவந்த அதன் அடிப்படை நூல் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கிடைக்கிறது.

இந்தியாவில் இவ்வமைப்பின் தொடக்கம் தலைநகருடன் தொடர்புடையது. தில்லியில் பணியாற்ற வந்த கனடா நாட்டவர் ஒருவரின் முயற்சியால் முதல் தொடர்புகள் உருவாகி, 1957-இல் பம்பாயில் அமைப்பு வேரூன்றியது. அதன் இந்தியப் பொதுச்சேவை அலுவலகம் இன்றும் மும்பையில்தான் உள்ளது.

மூடிய கதவுக்குப் பின்னால்

முதல்முறை செல்பவரைத் தயங்க வைப்பது, உள்ளே என்ன நடக்குமோ என்ற அச்சம்தான். நடப்பது மிக எளிமையானது. பள்ளி வகுப்பறையிலோ, தேவாலய வளாகத்து அறையிலோ, மருத்துவமனைக் கூடத்திலோ வட்டமாகப் போடப்பட்ட நாற்காலிகள். பெரும்பாலும் மாலை நேரம். கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை நீடிக்கும். உறுப்பினர்களில் ஒருவரே அன்றைக்குத் தலைமை ஏற்பார். அமைப்பின் நோக்கத்தைக் கூறும் சிறு முன்னுரை வாசிக்கப்படும். பிறகு ஒவ்வொருவராக முதற்பெயரை மட்டும் சொல்லித் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை; அறிவுரை சொல்வதில்லை. பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். முடிவில் பிரார்த்தனை, தேநீர், செலவுக்காக ஒரு சிறு வசூல். புதிதாக வந்தவர் அதில் பணம் போட வேண்டிய கட்டாயமில்லை.

உறுப்பினராக ஒரே தகுதிதான் கேட்கப்படுகிறது: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுகூட நிபந்தனையன்று. வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்ற சபதமும் கேட்கப்படுவதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பதே இலக்கு. அனுபவம் வாய்ந்த உறுப்பினர் ஒருவர் புதியவருக்கு வழிகாட்டியாக அமைகிறார். இரவு பதினொரு மணிக்குக் குடிக்கும் வேட்கை எழுந்தால், மருத்துவமனை பூட்டியிருக்கும். அந்த வழிகாட்டியின் தொலைபேசி எண் கையில் இருக்கும். முதல் 90 நாள்களில் 90 கூட்டங்களுக்குப் போகுமாறு சொல்லும் வழக்கமும் இதனால்தான் வந்தது. பழைய மாலை நேரத்தின் இடத்தில் ஒரு புதிய மாலை நேரத்தை வைக்கும் ஏற்பாடு அது.

பெயரை மறைக்கும் வழக்கம் சிலருக்கு ஐயத்தைத் தரலாம். இந்தியச் சூழலில் அதுவே பெரும் பாதுகாப்பு. பெண் பார்க்க வருபவர்கள் கேள்விப்படுவார்கள், மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும், தெருவில் பேச்சு எழும் என்ற அச்சங்களாலேயே பலர் உதவி தேடுவதில்லை. மத்திய அரசு ஊழியர்களின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் மது அருந்துவது குறித்துத் தனி விதியே கொண்டவை. இத்தகைய நிலையில், அறையில் கேட்டது அறையிலேயே தங்கும் என்ற உறுதி இல்லாவிடில் பலர் படியேறவே மாட்டார்கள்.

தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

பெயரை மறைக்கும் அதே வழக்கம் கூட்டங்களைத் தேடுவதைக் கடினமாக்கியும் விடுகிறது. வாசலில் பெரிய பலகை இருக்காது. சிறிய அட்டையில் வட்டத்துக்குள் முக்கோணமும் ஏ.ஏ. என்ற எழுத்துகளும் மட்டும் இருக்கலாம். விளம்பரமோ, பிரசாரமோ செய்யும் வழக்கமில்லை. எனவே தேடுபவர் சில வழிகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, அரசு உதவி எண்கள். போதையில்லா இந்தியா இயக்கத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. அருகிலுள்ள மறுவாழ்வு மையத்தின் விவரத்தை இங்கு பெறலாம். 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இதில் தமிழிலும் பேச முடியும். இரண்டாவது, அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. தில்லிப் பகுதியில் காஸியாபாதிலுள்ள எய்ம்ஸ் போதை சிகிச்சை மையமும், தில்ஷாத் கார்டனிலுள்ள இபாஸ் மனநல மருத்துவமனையும், பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனமும் இத்துறையில் பெயர்பெற்றவை. மூன்றாவது, ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளமும் நகரவாரியான தொலைபேசித் தொடர்பும். எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த மொழியில் கூட்டம் என்பதை இவற்றின் மூலம் அறியலாம்.

கிளம்பும் முன் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. வாடகை அறைகளில் கூடுவதால் இடமும் நேரமும் மாறக்கூடும். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேட்க வேண்டும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினரும் மாணவரும் மருத்துவரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பிரச்னை உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. ஒரு குழு மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் இன்னொரு குழுவுக்குச் செல்லலாம். ஒரே கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்துவிட வேண்டாம் என்பதே பழையவர்கள் புதியவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது.

மொழி இங்கே சாதாரண விஷயமன்று. மனைவியை அடித்ததையும், மகளின் கல்விக் கட்டணத்தைக் குடித்துத் தீர்த்ததையும் ஒருவர் அரைகுறையாகத் தெரிந்த மொழியில் சொல்ல முடியாது. தில்லியிலும் மும்பையிலும் கட்டட வேலைக்கும் உணவக வேலைக்கும் வந்திருக்கும் வெளிமாநிலத்தவருக்கு, இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கும் கூட்டம் பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும் தொலைவில்தான் இருக்கிறது. கிராமங்களின் நிலை இன்னும் மோசம். கூட்டம் நடக்கும் நகரத்துக்குப் பேருந்தில் போய்வரும் செலவு ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும்.

மனைவியும் பிள்ளைகளும்

எய்ம்ஸ் ஆய்வின்படி ஆண்களில் 27.3 சதவீதத்தினரும் பெண்களில் 1.6 சதவீதத்தினரும் மது அருந்துகின்றனர். குடியின் சுமையைத் தாங்குவோரில் பெண்களின் பங்கு எவ்வளவு என்பதை இந்த எண்கள் காட்டா. அவர்களுக்கும் ஓர் இடம் தேவை என்பதை உணர்ந்தே, பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் அல்-அனான் என்ற குடும்பத்தினர் அமைப்பை உருவாக்கினார். பிள்ளைகளுக்கான அலாட்டீன் 1957-இல் தோன்றியது. இந்தியாவிலும் அல்-அனான் குழுக்கள் உள்ளன. கணவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும், தாம் எப்படி வாழ்வது என்பதே இக்கூட்டங்களில் பேசப்படுகிறது.

இந்திய மண்ணில் இக்கருத்தை வளர்த்தெடுத்த நிறுவனங்களும் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடும்பத்தினருக்கான ஆலோசனையைச் சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதியாக்கியது. மஞ்சக்குடி போன்ற ஊர்களில் முகாம் அமைத்துச் சிகிச்சையை நோயாளியின் ஊருக்கே கொண்டுசென்றது. முகாம் முடிந்தபின் ஊராரே துணை நிற்பார்கள் என்பது அதன் பலம். புணேயில் டாக்டர் அனிதா அவசட்டும், அவரது கணவரான மராத்தி எழுத்தாளர் அனில் அவசட்டும் 1986-இல் தொடங்கிய முக்தாங்கண், சிகிச்சை முடித்தவர்களுக்காக மகாராஷ்டிரத்தின் பல ஊர்களில் தொடர் கூட்டங்கள் நடத்துகிறது. மனைவியருக்குத் தனிக் குழுவும் உண்டு. மும்பையில் பாதிரியார் ஜோ பெரைரா 1981-இல் நிறுவிய கிருபா அறக்கட்டளை, ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளுடன் யோகாசனப் பயிற்சியையும் இணைத்தது.

ஆனால் குடிக்கு ஆளான பெண்ணுக்கு இந்த வழிகளும் குறுகலானவை. ஆண்கள் மட்டுமே நிறைந்த அறைக்குள் தனியாக நுழைந்து தம்மைக் குடிநோயாளி என்று அறிவிக்க எத்தனை பெண்களால் முடியும்? பெண்களுக்கென்று தனிக் கூட்டங்கள் பெருநகரங்களுக்கு வெளியே எளிதில் கிடைப்பதில்லை.

நம்பிக்கையும் ஆதாரமும்

ஏ.ஏ. மீது வைக்கப்படும் முக்கியமான விமர்சனம் அதன் ஆன்மிகச் சாயல். பன்னிரண்டு படிகளில் பலவற்றில் இறைவன் என்ற சொல் வருகிறது. அவரவர் புரிந்துகொண்டவாறு என்ற விளக்கம் சேர்க்கப்பட்டிருந்தாலும், பகுத்தறிவாளருக்கு அது இடறுகிறது. கூட்டங்கள் பல தேவாலய அறைகளில் நடப்பதால் மதமாற்ற முயற்சியோ என்ற தவறான ஐயமும் சில இடங்களில் எழுகிறது. அமைப்பு எந்த மதத்தையும் சார்ந்ததன்று. அரசியலிலும் மதுவிலக்கு விவாதத்திலும்கூட அது எந்தப் பக்கமும் நிற்பதில்லை. இறை நம்பிக்கை இல்லாத உறுப்பினர்களில் பலர், கூடியிருக்கும் குழுவையே தம்மைவிட உயர்ந்த சக்தியாகக் கொள்கின்றனர். அதுவும் ஒவ்வாதவர்களுக்கு மனநல ஆலோசகர் நடத்தும் குழுச் சிகிச்சை போன்ற மாற்றுகள் உள்ளன.

பலன் உண்டா என்ற கேள்விக்கு விஞ்ஞானம் நீண்டகாலம் தயக்கத்துடனேயே பதிலளித்தது. 2020-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் கணக்கில் கொண்டது. ஏ.ஏ. கூட்டங்களில் சேர்வதற்கு முறையாக வழிநடத்தப்பட்டவர்களில் 42 சதவீதத்தினர் ஓராண்டு கழித்து முற்றாகக் குடிக்காமல் இருந்தனர். பிற உளவியல் சிகிச்சைகளில் இது 35 சதவீதம். இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை என்பதையும், 42 சதவீதம் என்றால் பாதிக்கும் மேற்பட்டோர் வெற்றி பெறவில்லை என்பதையும் மறக்கலாகாது.

கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றுமன்று. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிரம் போன்ற மருந்துகள் தக்க நோயாளிக்குப் பயன் தருபவை. மருந்து உட்கொள்பவரைக் குறைத்துப் பேசும் போக்கு சில குழுக்களில் தலைதூக்கினாலும், எந்த உறுப்பினரும் மருத்துவராக நடந்துகொள்ளலாகாது என்பதே அமைப்பின் நிலைப்பாடு.

ஊரடங்கு காட்டிய உண்மை

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது மதுக்கடைகளும் கூட்ட அறைகளும் ஒருங்கே மூடப்பட்டன. குடி கிடைக்காமல் பலர் வலிப்புக்கும் மனக்குழப்பத்துக்கும் ஆளாயினர். கேரளத்தில் மருத்துவரின் சீட்டுடன் மது வழங்க மாநில அரசு மார்ச் 30-ஆம் தேதி ஆணை பிறப்பித்தது. மருத்துவர்கள் எதிர்த்தனர், ஏப்ரல் 2-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

மே 4-ஆம் தேதி பல மாநிலங்களில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. தலைநகரில் காலையிலிருந்தே நீண்ட வரிசைகள் நின்றன. மறுநாளே தில்லி அரசு மதுவின் மீது 70 சதவீத சிறப்புக் கட்டணம் விதித்தது; ஒரு மாதத்துக்குப் பின்னரே அது கைவிடப்பட்டது. கஜானாவுக்கும் கடைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியிருக்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் 101-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் சரக்கு, சேவை வரி வரம்புக்கு வெளியே மது வைக்கப்பட்டதன் பின்னணியும் இதுவே. பல வரிகளை விட்டுக்கொடுத்த மாநிலங்கள் இதை விட்டுக்கொடுக்க முன்வரவில்லை.

கடை திறந்த பின்னரும் கூட்ட அறைகள் பல மாதங்கள் திறக்கவில்லை. உறுப்பினர்கள் கைப்பேசித் திரைகளில் கூடினார்கள். இந்த ஏற்பாடு தொற்றுக்காலத்துக்குப் பின்னும் தொடர்கிறது. இரவுப் பணியாளர்களும், சிற்றூர்வாசிகளும், அறைக்குள் நுழையத் தயங்கும் பெண்களும் இணையவழிக் கூட்டங்களில் சேர முடிகிறது. தமிழ் பேசுபவர் எந்த ஊரில் இருந்தாலும் தமிழில் நடக்கும் கூட்டத்தைத் தேடிச் சேரவும் வழி பிறந்துள்ளது. தொலைவு என்ற தடை ஓரளவு தளர்ந்திருக்கிறது. கைப்பேசியும் தனி அறையும் இல்லாதவருக்கு அது அப்படியே நீடிக்கிறது.

அரசால் முடிவது எது?

இக்கூட்டங்களை அரசு ஏற்று நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை என்பது ஏ.ஏ.யின் மரபு. அறையை இலவசமாகக் கொடுத்தாலும் சிறு வாடகையாவது கொடுத்துவிடவே விரும்புவார்கள். மானியம், பயனாளிப் பட்டியல், ஆதார் எண் என்று தொடங்கினால் அதன் உயிர்நாடியான பெயரற்ற தன்மை அன்றே முடிந்துவிடும்.

ஆயினும் அரசால் செய்யக்கூடியவை உண்டு. குடிநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒவ்வொருவரின் கையிலும், அவர் ஊருக்கு அருகிலுள்ள கூட்டங்களின் இடமும் நேரமும் மொழியும் அச்சிட்ட தாளைக் கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. மாலை நேரத்தில் காலியாகக் கிடக்கும் பள்ளி வகுப்பறைகளையும் சமுதாயக் கூடங்களையும் குறைந்த வாடகைக்கு அளிக்கலாம். மறுவாழ்வு மையங்களுக்கான மானியத்தைச் சேர்க்கை எண்ணிக்கையுடன் மட்டும் இணைக்காமல், ஓராண்டுத் தொடர் கண்காணிப்புடனும் இணைக்கலாம்.

சட்டத்திலும் ஒரு முரண்பாடு தீர்க்கப்பட வேண்டியுள்ளது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவினால் உண்டாகும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்றும் அதன் 21-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் மதுப்பழக்கத்துக்கான சிகிச்சையை விலக்கி வைக்கும் நிபந்தனை, 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்திய விலக்குகளிலேயே இடம்பெற்றது. காப்பீட்டுப் பத்திரங்களில் இன்றும் அதைக் காணலாம். ஒரு கையால் நோய் என்று ஒப்புக்கொண்டு, மறு கையால் அதற்கான செலவை மறுப்பதை நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

அனுமதி பெறாத தனியார் மையங்கள் குறித்தும் விழிப்பு தேவை. வட மாநிலங்கள் சிலவற்றில் போதை மீட்பு என்ற பெயரில் நோயாளிகளை அடைத்துவைத்து அடித்த மையங்களில் காவல்துறை சோதனை நடத்திய செய்திகள் அவ்வப்போது வெளிவந்துள்ளன. உறவினரைச் சேர்க்கும் முன், மாநில மனநல ஆணையத்தின் பதிவு உள்ளதா, மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தினர் பார்க்க அனுமதி உண்டா என்று விசாரிப்பது அவசியம். கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கும் இடத்துக்கும், யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகக்கூடிய வட்ட நாற்காலிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் 1948-இல் அரசியல் நிர்ணய சபையிலும் நடந்தது, இனியும் தொடரும். 2016 ஏப்ரலில் பிகார் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, மாவட்டந்தோறும் மீட்பு மையங்களையும் திறக்க வேண்டியிருந்தது. கடையை மூடினாலும் திறந்தாலும் குடிநோயாளி இருக்கவே செய்கிறார் என்பதற்கு அதுவே சான்று. 2.9 கோடிப் பேரில் ஒருவர் இன்று மாலை குடியை நிறுத்த விரும்பினால், அவர் போய் உட்கார அருகில் ஒரு நாற்காலி இருக்கிறதா, அது இருக்கும் இடம் அவருக்குத் தெரியுமா என்பவையே உடனடிக் கேள்விகள். பல ஊர்களில் நாற்காலி இருக்கிறது. அதற்கான வழியைச் சொல்லத்தான் ஆள் இல்லை.